எண்டரல் விளையாடலாமா? ஸ்கைரிம் முடித்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான் (ஸ்கைரிம் என்பது பெதஸ்டா நிறுவனத்தின் கற்பனை உலகக் கேம்): "ஸ்கைரிமை இரண்டு தடவை முடித்துவிட்டேன். ஸ்டீம் இணையக் கடையில் எண்டரல் என்று ஒரு கேம் இலவசமாகக் கிடக்கிறது. ரசிகர்கள் சேர்ந்து செய்ததாம். நேரம் செலவழிக்கிற அளவுக்குத் தேறுமா? அமெச்சூர் வேலை என்பது பல்லிளிக்குமா?"

தேறும், நன்றாகவே தேறும். பல்லிளிக்கவும் செய்யும். ஆனால் எந்த இடத்தில் இளிக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போகிறீர்களோ, அந்த இடம் சுத்தமாக இருக்கும். வேறு ஒரு மூலையில் இளிக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் யார் செய்தது என்று பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த ஷூர்ஏஐ என்கிற குழு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இன்றைய ஏஐ அலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்கைரிம் வரிசையின் பழைய கேமான மோரோவிண்ட் காலத்திலிருந்தே மோட் (இருக்கிற கேமை ரசிகர்கள் மாற்றிச் செய்வது) செய்துவருகிறவர்கள். 2010-ல் அதே வரிசையின் ஆப்லிவியன் கேமை அடித்தளமாக வைத்து நேரிம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சிதான் எண்டரல். ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பரில். இவர்கள் அதன் மேல் ஐந்து வருடம் போல உழைத்து, 2016 ஜூலையில் ஜெர்மன் மொழியிலும் அடுத்த மாதம் ஆங்கிலத்திலும் விட்டார்கள். 2019-ல் 'ஃபர்காட்டன் ஸ்டோரீஸ்' என்ற விரிவாக்கத்தோடு ஸ்டீமுக்கு வந்தது. 2021-ல் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கான (ஸ்கைரிமைப் புதுப்பித்து விட்ட பதிப்பு அது) பதிப்பு.

இலவசம் என்பதில் பெருந்தன்மை மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. பெதஸ்டா நிறுவனம் கொடுக்கும் கிரியேஷன் கிட் என்ற கருவியால்தான் இதெல்லாம் செய்யப்பட்டது. அந்தக் கருவியின் உரிம விதிப்படி, அதை வைத்துச் செய்த மோடை இவர்களாக விலை போட்டு விற்க முடியாது. ஆக, விற்றுச் சம்பளம் கொடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படிப்பு, வேலை போக மிச்ச நேரத்தைப் பலர் கொட்டிச் செய்த வேலை. உங்களிடம் ஸ்கைரிம் இருந்தால் போதும், எண்டரலுக்குத் தனியாகக் காசு வேண்டாம்.

இதை ஸ்கைரிமோடு ஒட்டிய கூடுதல் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரத்தின் மேல் வேறு வீடு கட்டியது மாதிரி. ஸ்கைரிம் நடக்கும் டாம்ரியல் கண்டம் இல்லை, அதன் நாயகன் டிராகன்பார்ன் இல்லை. வின் என்ற வேறு உலகம், அதில் எண்டரல் ஒரு நாடு. மரம், பாறை, கோப்பை, தட்டு என்று சில சாமான்கள் மட்டும் பழைய முகமாகத் தெரியும்.

இனி பலம். எல்லோரும் கதையைத்தான் முதலில் புகழ்வார்கள். நான் விதிகளிலிருந்து தொடங்குகிறேன். இவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

ஸ்கைரிமில் சண்டை எப்படி நடக்கும்? உயிர் கால்வாசிக்கு வந்ததும் மெனுவைத் திறப்பீர்கள். எதிரி ஓங்கிய கோடரியோடு உறைந்து நிற்பான். நீங்கள் சாவகாசமாகப் பத்துப் பதினைந்து மருந்துக் குப்பிகளைக் குடித்துவிட்டு மெனுவை மூடுவீர்கள். அவன் அடி விழும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எண்டரலில் ஆர்கேன் ஃபீவர் என்று ஒன்று உண்டு. மந்திரக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் ஏற்றும் மருந்தைக் குடித்தாலும், உயிர் ஏற்றும் மந்திரத்தைப் போட்டாலும் அந்தக் காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நூறு சதவீதம் தொட்டால் செத்தீர்கள். இறக்க வேண்டுமென்றால் அம்ப்ரோசியா என்ற இன்னொரு மருந்து வேண்டும். அது சந்துக்குச் சந்து கிடைப்பதில்லை.

இந்த ஒரு விதி என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். ஒரு பாழடைந்த கோட்டைக்குள் பாதி தூரம் போயிருப்பீர்கள். பையில் முப்பது குப்பி மருந்து இருக்கும், காய்ச்சல் எண்பதைத் தாண்டியிருக்கும். கையில் மருந்து இருந்தும் குடிக்கப் பயம். அடுத்த கதவைத் திறப்பதா, வந்த வழியே திரும்புவதா என்று ஒரு நிமிடம் நிற்பீர்கள். ஸ்கைரிமில் நூறு மணி நேரத்தில் அப்படி ஒரு தடவைகூட நான் நின்றதில்லை. இன்னொன்று, இந்தக் காய்ச்சல் வெறும் விளையாட்டு விதியாக ஒட்டவைத்தது அல்ல. கதையிலும் உங்கள் பாத்திரத்துக்கு அந்த நோய்தான். ஆரம்பத்தில் உங்களை அடுத்தவர்களிடம் உதவி கேட்டு நடக்க வைப்பதே அதுதான். கதை எழுதியவரும் விதி எழுதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

அடுத்து திறமை வளர்ப்பு. ஸ்கைரிமில் இரும்புக் கத்தி நூற்றுக்கணக்கில் அடித்தே கொல்லன் வேலையில் பெரிய ஆள் ஆன கதை நம் எல்லோருக்கும் தெரியும். எண்டரலில் அது நடக்காது. பழைய பாணியில் அனுபவப் புள்ளி, லெவல். லெவல் ஏறும்போது கற்றல் புள்ளிகள் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சும்மா திறமையை ஏற்றிவிட முடியாது, அந்தத் திறமைக்கான பாடப் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டும். சண்டைத் திறமைக்கு ஒரு வகைப் புள்ளி, கைத்தொழிலுக்கு வேறு வகைப் புள்ளி. புத்தகமும் தொடக்கநிலை, அடுத்த நிலை என்று தரம் பிரிந்து விலை ஏறிக்கொண்டே போகும்.

பார்ப்பதற்குத் தொல்லை மாதிரிதான் இருக்கும். ஆனால் இதனால் காசுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. ஸ்கைரிமில் பாதி கேம் தாண்டியதும் தங்கம் வெறும் எண். வாங்க ஒன்றும் இருக்காது. எண்டரலில் முப்பதாவது மணி நேரத்திலும் பஞ்சம்தான். புதுக் கவசமா, வாள் புத்தகமா என்று கடைக்காரன் முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். குகையில் கிடக்கும் துருப்பிடித்த சுத்தியலைக்கூட விட்டுவர மனசு வராது. மாதக் கடைசி வாழ்க்கையை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

உலகத்தைச் செதுக்கியிருப்பதும் இதே புத்தியோடுதான். ஸ்கைரிமில் நீங்கள் வளர வளர எதிரிகளும் சேர்ந்து வளர்வார்கள். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடினம் நிரந்தரம். கரையோரத்தில் தொடங்கி ரிவர்வில் கிராமம் வரை பாதையை ஒட்டிப் போனால் பிழைப்பீர்கள். ஆர்வக் கோளாறில் தவறான மலைச்சரிவில் ஏறினால் இரண்டே அடியில் முடிந்துவிடும். பத்து லெவல் கழித்து அதே சரிவுக்குத் திரும்பி, அன்று ஓட ஓட விரட்டியவனை அடித்துப் போடும்போது வரும் திருப்தி இருக்கிறதே, எதிரியையும் கூடவே வளர்க்கிற கேமில் அது வராது.

மேப்பைத் தொட்டு நினைத்த இடத்துக்குப் பறப்பதும் கிடையாது. மைராட் என்ற பறக்கும் பிராணிகள் அதற்கென்று உள்ள கோபுரங்களிலிருந்து ஏற்றிச்செல்லும், அது ஒருவகை பஸ் ஸ்டாண்டு. அவசரத்துக்கு மந்திரச் சுருள் காசு கொடுத்து வாங்கலாம். மற்றபடி நடராஜா சர்வீஸ். நடக்க வைப்பதென்றால் வழியில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. பாதை விட்டு விலகினால் ஒரு கல்லறை, அதன் பக்கத்தில் ஒரு கடிதம், கடிதத்தில் பாதிக் கதை என்று கையால் வைத்துவைத்துப் போயிருக்கிறார்கள். பாலைவனம், பனிமலை, இருண்ட பள்ளத்தாக்கு என்று நில வகைகள் ஏராளம். ஆளில்லாத அமெச்சூர் குழு என்றால் உலகம் காலியாக இருக்கும் என்றுதானே நினைப்போம். இங்கே நேர் எதிர்.

சரி, கதை. வெயில் காயும் புல்வெளி, ஒரு வீடு, உங்கள் அப்பா. அப்படித் திறக்கிறது கேம். இனிமையாகத் தொடங்கும் அந்தக் கனவு சில நிமிடங்களில் திரும்பும் விதத்தை நான் சொல்ல மாட்டேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். விழித்தால் கப்பலின் அடித்தட்டு. நீங்களும் சிரியஸ் என்ற நண்பனும் டிக்கெட் இல்லாத பயணிகள், முந்தைய கேம் நடந்த நேரிம் நாட்டிலிருந்து தப்பி வருகிறீர்கள். மாட்டிக்கொள்கிறீர்கள். நண்பன் கதி அங்கேயே முடிகிறது, உங்களைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள். கரை ஒதுங்கும் நாடு எண்டரல். அங்கே கடவுளர்கள் ஏற்கெனவே செத்துவிட்டார்கள் (அந்தக் கொலைக் கதைதான் முந்தைய கேம்), மக்களில் பலருக்குத் திடீரென்று வெறி பிடித்துப் பக்கத்தில் இருப்பவரைக் கொல்கிறார்கள், ஒரு புனிதப் படையணி இதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருக்கிறது.

கருவைக் கேட்டால் பழைய சரக்கு மாதிரி இருக்கும். மனிதர்கள்தான் புதுசு. ஜெஸ்பர் என்ற கூலிப்படைக்காரன் உங்களோடு அடிக்கடி வருவான். எதிலும் பிடிப்பில்லாத, நக்கலான ஆள். அந்த நக்கல் எங்கிருந்து வருகிறது என்பதை அவசரப்படாமல், பயணத்தினூடே சொல்கிறார்கள். காலியா என்ற பெண் எல்லாவற்றையும் கடமையாகச் செய்பவள், தன்னைப் பற்றித் தானே பயப்படுகிறவள். இவர்கள் இரண்டு பேரோடும் ராத்திரி நெருப்போரம் உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்காகவே நான் குவெஸ்டுகளை (கேம் கொடுக்கும் வேலைகளை) தள்ளிப்போடாமல் முடித்தேன். ஸ்கைரிமில் லிடியா என்ற துணைப் பாத்திரம் உங்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வருவாளே, அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நம் ஊர் ஆட்களுக்கு இன்னொன்று சுருக்கென்று படும். எண்டரல் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே ஒரு 'பாதை' விதிக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டு விலக முடியாது. பாதையே இல்லாதவர்கள் தலைநகர் ஆர்க்குக்கு அடியில், வெயிலே படாத ஒரு பாதாள நகரத்தில் கிடக்கிறார்கள். மேலே வெள்ளைக் கல் கோயில், கீழே சாக்கடை. ஜெர்மன்காரர்கள் நம்மை நினைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் முதல் தடவை அந்தப் படிக்கட்டில் இறங்கியபோது, இது எங்கேயோ பார்த்த ஊர் என்று தோன்றியது.

புத்தகங்களையும் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகம் அல்ல, கதைப் புத்தகம். ஆர்க் நகரத்துக் கொலைகாரன் ஒருவனின் கதை பல பாகங்களாக உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பாகம் கிடைத்தால் அடுத்த பாகத்துக்குக் கை அரிக்கும். கேமுக்குள் கிடக்கும் புத்தகத்தைத் திறந்து முழுசாகப் படித்தது எனக்கு அதுவே முதல் தடவை.

இப்போது பலவீனம்.

பேச்சு, பேச்சு, பேச்சு. எழுதத் தெரிந்தவர்கள் என்பதாலேயே எழுதியதை வெட்ட மனசு வரவில்லை. புனிதப் படையின் கோயிலுக்குள் போனீர்கள் என்றால் ஒருவர் உங்களை அழைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். ஆமை நடை. உங்கள் நடை வேகத்துக்கும் அவருடைய வேகத்துக்கும் ஒத்துவராது, இரண்டு அடி ஓடி நின்று, இரண்டு அடி ஓடி நின்று, தறி நாடா மாதிரி போய்வருவீர்கள். அவர் இந்த உலகத்தின் வரலாறு, தத்துவம், தன் மனக்குறை எல்லாவற்றையும் சொல்வார். போய்ச் சேர்ந்ததும் அங்கே இன்னொருவர் தொடங்குவார். ஒரு விஷயத்தை ஒரு காட்சியில் காட்டிவிட்டு, அடுத்த காட்சியில் அதையே வசனமாகச் சொல்லி, அதற்கப்புறம் கடிதமாகவும் கையில் கொடுப்பார்கள். சம்பளம் கொடுத்துச் செய்யும் கேமில் ஒரு தயாரிப்பாளர் இருப்பார். "இந்தக் காட்சிக்கு அனிமேஷன் செய்ய ஆள் இல்லை, பாதியாக்கு" என்பார். எழுத்தாளருக்கு அது வலிக்கும், கேமுக்கு நல்லது. எண்டரலில் அந்தக் கத்தரி ஓடிய அடையாளம் குறைவு.

பணம் இல்லாததால் வந்த குறையை நாம் சுலபமாக மன்னித்துவிடுவோம். முகம் மரம் மாதிரி இருக்கிறதா, இருக்கட்டும். கத்தரி இல்லாததால் வந்த குறைதான் என் பொறுமையைச் சோதித்தது. இடைப்பகுதியில் முதன்மைக் கதை கொஞ்சம் தொய்கிறது என்று பலரும் சொல்வார்கள். தொய்வுக்குக் காரணம் சம்பவம் இல்லாமை என்பதைவிட, ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்னும் பின்னும் கட்டியிருக்கும் பேச்சுத் தோரணம்.

அடுத்தது சுதந்திரம். ஸ்கைரிம் பழகியவர்களுக்கு இது உறுத்தும். முதன்மைக் கதை கிட்டத்தட்ட ரயில் தண்டவாளம். இடையில் நீங்கள் என்ன பதில் சொன்னாலும் பெரும்பாலும் அதே ஸ்டேஷனில்தான் நிற்கும். முடிவில் தேர்வு உண்டு, அது கனமான தேர்வும்கூட. ஆனால் அதுவரை உங்கள் கையில் இருப்பது தொனி மட்டும். மனிதருக்குத் தன்னிச்சை உண்டா என்பதே கதையின் கேள்வி, அதனால் இப்படித்தான் இருக்கும் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். சாமர்த்தியமான வாதம், நான் பாதிதான் ஏற்கிறேன். நாவலில் அது நியாயம். கையில் மவுஸ் வைத்திருப்பவனிடம் அதைச் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் ஏமாற்று வித்தை தெரிந்திருக்க வேண்டும். கில்டு (நீங்கள் சேரக்கூடிய சங்கம்) மாதிரிக் கிளைக்கதைகளும் முதலில் குறைவாகவே இருந்தன. 2019 விரிவாக்கத்தில் பாதாள நகரத்தின் ரலாயிம் கூட்டமும் கோல்டன் சிக்கிள் வணிகர் சங்கமும் சேர்ந்த பிறகு அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

சண்டையைப் பொறுத்தவரை பழைய எஞ்சின் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்), பழைய நோய். வாள் வீச்சில் எடை இல்லை, தண்ணீரைக் கிழிப்பது மாதிரி. ஒளிந்திருந்து அம்பு விடுவது இங்கேயும் சௌகரியம். விரிவாக்கத்தில் வந்த இரண்டு புது வகைகள் இதற்கு நல்ல மாற்று: மருந்து குடித்து ஓநாய் உருவம் எடுப்பது ஒன்று, ஆவிகளைத் துணைக்கு அழைப்பது இன்னொன்று. ஓநாய் உருவத்துக்கு மந்திரக் காய்ச்சலையே பலமாக மாற்றியிருப்பது அழகு. ஆனால் இதையெல்லாம் கேம் உங்களுக்குச் சரியாக விளக்காது. கற்றல் புள்ளி, கைத்தொழில் புள்ளி, அதுபோக தியானத்தில் போய்ச் செலவழிக்க நினைவுப் புள்ளி என்று மூன்று கணக்கு. முதல் ஐந்து மணி நேரம் எந்தப் புள்ளி எதற்கு என்று தலை சுற்றும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டவர்கள் நடுவழியில் திணறுவார்கள்.

தொழில்நுட்பக் கோளாறுகள் பற்றி நிறையப் பேர் புலம்பியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அதில் பெரும்பாலானவை முதல் பதிப்பைப் பற்றியது. அது 32 பிட் ஸ்கைரிம் மேல் ஓடியது. அந்த எஞ்சினுக்கு நினைவகம் போதாது, இவர்களோ அதன் தலையில் மலையை ஏற்றினார்கள். ஆர்க் நகரத்துக்குள் நுழைந்தால் படம் திக்கித் திக்கி ஓடும், சில சமயம் அப்படியே மூடிக்கொள்ளும். ஸ்பெஷல் எடிஷன் 64 பிட் என்பதால் நிலைமை நன்றாகவே மாறிவிட்டது.

குரல்கள் ஏற்ற இறக்கம். எல்லா வசனத்துக்கும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பதே இந்த அளவு மோடில் பெரிய காரியம். ஜெஸ்பர் போன்ற முக்கியப் பாத்திரங்களுக்கு ஆங்கிலக் குரல் அருமை. ஓரத்தில் நிற்கும் கடைக்காரன், காவலாளி பேசும்போது சிலருடைய குரலில் எழுதி வைத்ததைப் படிக்கிற வாடை அடிக்கும். ஜெர்மன் குரலும் ஆங்கில எழுத்தும் வைத்து விளையாடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது ஒத்துவரவில்லை.

வீட்டில் சின்னப் பையன்கள் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் யோசியுங்கள். தற்கொலை, சித்திரவதை, குழந்தைப் பருவத்துக் கொடுமை எல்லாம் மறைக்காமல் வரும். பெரியவர்களுக்கும் சில நாள் மனசு கனக்கும். சிரிக்க இடம் குறைவு. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் லேசாக விளையாடலாம் என்கிறவர்களுக்கு இது தோதுப்படாது.

விளையாடுவதாக முடிவு செய்தால், ஸ்பெஷல் எடிஷன் பதிப்பையே எடுங்கள். ஸ்கைரிமுக்கு வைத்திருந்த மோட்களை அப்படியே தூக்கி இதில் போடாதீர்கள், உலகமே வேறு என்பதால் பாதி மோட் உடைக்கும். கடினத்தைக் குறைத்து வைப்பதில் வெட்கம் வேண்டாம், ஆரம்பம் நிஜமாகவே ஈவிரக்கம் இல்லாதது. முதல் காசில் கவசம் வாங்காமல் பாடப் புத்தகம் வாங்குங்கள். ஒரு ஆயுதம், ஒரு மந்திர வகை, ஒரு கைத்தொழில், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்ப்ரோசியா எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவர்வில் தாண்டி ஆர்க் போய்ச் சேரும் வரை பாருங்கள். அங்கே டான்சிங் நோமாட் என்று ஒரு விடுதி இருக்கும். உள்ளே பாடகி பாடும் பாட்டுகள் இந்தக் கேமுக்கென்றே எழுதி இசையமைத்தவை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகக் கேளுங்கள். பாட்டு முடியும்வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை என்றால் மீதியையும் முடித்துவிடுவீர்கள். அடுத்த குவெஸ்ட் எங்கே என்று கை துறுதுறுத்தால் அழித்துவிடலாம், காசு எதுவும் போகவில்லை.